நங்கூரத்துக்கு முன்னால் திறந்த மூடி: பாக் விரிகுடாவில் ஒரு தீ விபத்தின் ஆய்வு

தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்து நண்டு வலை எடுக்கப் போன ஃபைபர் படகு ஒன்றில், கடலில் வைத்துப் பெட்ரோல் ஊற்றும்போது தீப்பிடித்தது. படகில் இருந்தவர்கள் மாமாவும் மருமகனும். மாமாவுக்கு இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் வலது கையிலும் தீக்காயம். மருமகன் புருவம் கருகியதோடு தப்பினார். வலையில் ஒரு பகுதி உருகிப் போயிற்று. படகும் எஞ்சினும் மிஞ்சின. உயிர்ச்சேதம் இல்லாததால் செய்தி ஊரைத் தாண்டவில்லை.

இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, கரையேற்றி வைத்திருந்த படகையும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. அதே வேலையை அதே முறையில் செய்கிற படகுகள் இந்தக் கரை நெடுக இருக்கின்றன.

படகும் எஞ்சினும்

ஏறத்தாழ 22 அடி ஃபைபர் படகு. பின்பலகையில் பத்துக் குதிரைத்திறனுக்கு உட்பட்ட டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். பெட்ரோலில் ஓடுவது. தனியாக ஒரு 25 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு ரப்பர் குழாய், குழாயின் நடுவில் கையால் அமுக்கும் பல்ப். டேங்க் மூடியின் நடுவில், உள்ளே காற்றுப் போக வழிவிடும் காற்றுத் திருகு. உபரியாகச் சமையல் எண்ணெய் வந்த பழைய பிளாஸ்டிக் கேன் ஒன்றில் பத்து லிட்டர் அளவுக்கு, ஆயில் கலந்த பெட்ரோல். தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்துச் செய்த புனல் ஒன்று. நங்கூரம் இருந்தது, ஆனால் வலைக்குவியலுக்கு அடியில்.

முக்கியமான ஒரு பழைய கதையும் உண்டு. இதே படகில் முன்பு இருந்தது மண்ணெண்ணெய் எஞ்சின். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. மாமா பல வருடங்கள் அதைத்தான் ஓட்டினார். பெட்ரோல் எஞ்சினுக்கு மாறி ஒரு பருவம்தான் ஆகியிருந்தது.

நடந்தது

ஆடி மாதம். கச்சான் என்கிற மேற்குக் காற்று. காலையில் 12 லிட்டர் ஊற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அரை வேகத்தில் ஒன்றரை மணி நேரம் போல எஞ்சின் ஓடியிருக்கும். வலையைக் கடலிலிருந்து இழுத்து வாங்கி முடித்து, நண்டுகளின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. வெயில் ஏற ஏறக் கச்சானும் வலுத்திருந்தது. காற்று கரையிலிருந்து கடலுக்கு. படகு கிழக்கே நகரத் தொடங்கியது.

“மாமா, எண்ணெய் தீர்ந்துவிட்டது” என்றார் மருமகன். டேங்க்கின் அளவு முள் பல மாதமாகவே ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்ததால், அதை யாரும் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தபோது ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக மருமகன் சொல்கிறார். உள்ளே அடியில் கொஞ்சம் பெட்ரோல் தெரிந்தது. குழாய்க்கு எட்டாத மிச்சம் என்று எடுத்துக்கொண்டார். “சீக்கிரம் ஊற்று மாப்பிள்ளை, படகு போய்க்கொண்டே இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, மாமா எழுந்து படகின் முன்முனையான அணியத்துக்குப் போய் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். பெட்ரோலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளித்தான் போனார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் அலட்சியமானவர் அல்லர்.

கேன் கனமானது. வாய் அகலமானது. படகு பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. புனல் நிறைந்து வழிந்ததில் டேங்க்கின் மேலும் படகின் அடித்தளத்திலும் கொஞ்சம் சிந்தியது. ஒரு டம்ளர் இருக்கும், கூடினால் இரண்டு டம்ளர். கேனில் பாதி இறங்குவதற்குள் படகின் அடித்தளம் முழுவதும் ஒரே நொடியில் நீலமாக எரிந்தது என்று இருவருமே சொல்கிறார்கள். தீ அணியத்தில் தொடங்கிப் பின்பக்கம் ஓடியது. டேங்க் வாயில் நின்று எரிந்தது.

மருமகன் கேனைப் பின்பலகைக்கு மேலாகக் கடலில் வீசினார். மாமா தண்ணீர் இறைக்கும் வாளியால் கடல் நீரை மொண்டு ஊற்றினார். எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு வலைக்குவியலுக்குப் போனது. நைலான் உருகிச் சொட்டியது. அதற்குள் மருமகன் நண்டின் மேலிருந்த ஈரச் சாக்கை இழுத்து டேங்க் வாயில் போட்டு அழுத்தினார். வாயில் நின்ற தீ அடங்கியது. இன்னொரு சாக்கைக் கடலில் நனைத்து வலையை மூடினார்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது. புகையைப் பார்த்து வந்த பக்கத்துப் படகு, கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது.

எண்ணெய் தீரவே இல்லை

கரையில் டேங்க்கைப் பார்த்தபோது எனக்கு முதலில் உறுத்தியது அந்த ‘உஸ்’ சத்தம். காலையில் ஊற்றியது 12 லிட்டர். இந்த அளவு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்திலேயே மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 5 லிட்டர்தான் குடிக்கும். அரை வேகத்தில் ஒன்றரை மணி நேரம் என்றால் பாதிகூடத் தீர்ந்திருக்காது. தட்டையான டேங்க்கில் ஆறேழு லிட்டர் பரவிக் கிடந்தால் அடியில் கொஞ்சம் கிடப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சின் ஏன் நின்றது? மருமகனிடம் கேட்டபோது பதில் உடனே வந்தது. வலை வாங்கும் நேரத்தில் தண்ணீர் தெறித்து டேங்க்குக்குள் போய்விடக்கூடாது என்று காற்றுத் திருகை இறுக்கி மூடியிருந்தார். அது நல்ல பழக்கம்தான். திரும்பக் கிளம்பும்போது அதைத் தளர்த்த மறந்துவிட்டார். பெட்ரோல் வெளியேறுகிற அளவுக்குக் காற்று உள்ளே போக வழியில்லை. சில நிமிடங்கள் ஓடியதும் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எஞ்சினால் எண்ணெயை இழுக்க முடியாமல் போனது. மூடியைத் திறந்ததும் உள்ளே பாய்ந்த காற்றின் சத்தம்தான் அந்த ‘உஸ்’. மூடியைத் திரும்ப மூடி, திருகைத் தளர்த்தி, பல்பை நான்கு முறை அமுக்கியிருந்தால் எஞ்சின் கிளம்பியிருக்கும். ஊற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவுட்போர்டு எஞ்சின் ஓட்டத்தில் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது காற்றுத் திருகு. அடுத்தது பல்ப். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு அல்லது வெற்றிடம். எவ்வளவு அமுக்கியும் கெட்டியாகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது எண்ணெய் உண்மையிலேயே இல்லை. பிறகு குழாயின் இணைப்பு வாய் எஞ்சினில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலில் இடறி அது கழன்று கிடப்பது எத்தனையோ முறை நடக்கிறது. இந்த மூன்றும் சரி என்று தெரிந்த பிறகே எரிபொருள் கேனை எடுக்க வேண்டும். இந்த வரிசைக்கு அரை நிமிடம் போதும்.

எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தாலும் எஞ்சின் இப்படியே நிற்கும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனம், டேங்க்கின் அடியில் தங்கும், உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. இப்போது பங்க்கில் வாங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். பாதி காலியான கேனைக் கடற்கரைக் குடிசையில் வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு அதையே கடலுக்கு எடுத்துப் போவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

காற்று எந்தப் பக்கம்

இனி தீ. பீடி அணியத்தில். பெட்ரோல் பின்புறத்தில். இடையே பதினைந்து அடிக்குக் குறையாது. எப்படிப் பற்றியது?

பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே போகாது. தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடி வழியும். ஃபைபர் படகின் அடிப்பகுதியோ நாலு பக்கமும் அடைத்த தொட்டி. விளிம்புக்கு மேலே கச்சான் எவ்வளவு வேகமாக வீசினாலும் விளிம்புக்குக் கீழே காற்று சுருண்டு சுற்றுமே தவிர முழுதாகத் துடைத்துக்கொண்டு போகாது. காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பெட்ரோல் முழுவதும் ஆவியானால், 2 கன மீட்டருக்கும் அதிகமான காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கிவிட முடியும். இந்தப் படகின் உட்பகுதியில் கால்வாசிக்கு மேல் நிரம்ப அதுவே போதும். வெயிலில் காய்ந்த ஃபைபர் தளத்தில் விழுந்த பெட்ரோல் ஆவியாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த கேள்வி, ஆவி ஏன் அணியத்துக்குப் போனது. இதைத்தான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். நங்கூரம் போடாமல் மிதக்கும் சிறிய படகில், பின்புறத்தில் எஞ்சினின் கனம் இருக்கிறது. எஞ்சினின் கால் தண்ணீருக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அணியமோ உயரமாக, லேசாக, தண்ணீரில் பிடிப்பில்லாமல் இருக்கிறது. காற்று அணியத்தைத் தள்ளும். படகு மெல்லத் திரும்பிப் பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு போகும், அல்லது சாய்வாகப் பக்கத்தைக் காட்டும். அன்றைக்குப் பின்பலகையில் அலை மோதிக்கொண்டிருந்தது என்று மருமகன் சொன்னது இதை உறுதிப்படுத்துகிறது. ஆகவே காற்று எஞ்சின் பக்கமிருந்து அணியத்தை நோக்கி வீசியது. பெட்ரோலிலிருந்து விலகி உட்காருவதாக நினைத்து, ஆவி வந்து சேருகிற இடத்திலேயே மாமா போய் உட்கார்ந்துவிட்டார். தூரம் பாதுகாப்பாகத் தோன்றியது. திசை அதைக் கெடுத்தது.

அணியத்திலிருந்து நங்கூரம் போட்டிருந்தால் படகு திரும்பி அணியத்தைக் காற்றுக்குக் கொடுத்து நின்றிருக்கும். ஆவி பின்பக்கமாக, எஞ்சினுக்காகத் தாழ்த்தி வெட்டிய பின்பலகை வழியாகக் கடலுக்கு வழிந்திருக்கும். ஆட்டமும் குறைந்திருக்கும், ஏனென்றால் அலை பக்கத்தில் மோதாமல் முகத்தில் மோதும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். நண்டு வலை போடும் இடங்களில் இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி) தண்ணீர்தான். அடி சேறும் மணலும். நங்கூரம் பிடிக்காது என்று சொல்ல வழியில்லை. தெற்கே மன்னார் வளைகுடா பக்கம், தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளில் நங்கூரம் இறக்குவது வேறு விஷயம். அங்கே மணல் திட்டுப் பார்த்துத்தான் போட வேண்டும். இந்தப் படகுக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

அப்படியானால் ஏன் போடவில்லை? நங்கூரம் வலைக்கு அடியில் இருந்தது என்பது பாதி பதில். மீதி பதில் பயம். கச்சான் காலத்தில் எஞ்சின் நின்றால் இந்தக் கரையிலிருந்து படகு போகும் திசை கிழக்கு. கிழக்கே 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வகுத்த கடல் எல்லைக் கோடு. நண்டு வலைப் படகு அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை, எஞ்சின் நின்று மிதந்தாலும் உடனே அங்கே போய்ச் சேர்ந்துவிடாது. ஆனால் எல்லை தாண்டிப் பிடிபட்டவர்களின் கதை இல்லாத ஊர் இந்தக் கரையில் கிடையாது. படகு கிழக்கே நகர்கிறது என்று தெரிந்ததும் கை பதறும். “சீக்கிரம் ஊற்று” என்ற சொல் அங்கிருந்து வந்தது. அந்த அவசரத்தைப் போக்கியிருக்கக்கூடிய ஒரே பொருள் நங்கூரம். அது தரையைப் பிடித்த கணமே நகர்வு நிற்கிறது, நகர்வு நின்றால் யோசிக்க நேரம் கிடைக்கிறது, யோசித்தால் காற்றுத் திருகு நினைவுக்கு வருகிறது. எரிபொருள் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் புனல், கேன், தீயணைப்பான் என்று தொடங்குவார்கள். நான் நங்கூரக் கயிற்றில்தான் தொடங்குவேன்.

மண்ணெண்ணெய் கற்றுக் கொடுத்த பழக்கம்

மாமா சொன்ன ஒரு வாக்கியம்: “இருபது வருடமாக ஊற்றும்போது பீடி குடித்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.” அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊற்றியது மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெய் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலுக்கு அந்த எல்லை ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி. அதாவது இந்தக் கரையில் மார்கழி விடியலிலும் பெட்ரோல் பற்றத் தயாராகத்தான் இருக்கிறது. இரண்டு திரவங்களும் ஒரே வகைக் கேனில், ஒரே புனலில் ஊற்றப்படுகின்றன. எஞ்சின் மாறியது, கை மாறவில்லை. மண்ணெண்ணெயும் அப்படியொன்றும் சாது அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நண்பகல் வெயிலில் கிடக்கும் கேனுக்குள் அந்த 35 டிகிரி எளிதாகத் தாண்டிவிடும்.

இன்றும் மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் கிளப்புவதற்குக் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருப்பார்கள். அந்தச் சிறிய அளவுதான் படகிலேயே ஆபத்தான பொருள். அதைத் தனி நிறக் கேனில், மூடி இறுக்கி, கரையிலேயே நிரப்பிக்கொண்டு போவது நல்லது.

சட்டம் இங்கே சுவையான ஒன்றைச் சொல்கிறது. 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தின்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். ஆனால் கலன் இறுக மூடியதாக இருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்குள், உலோகம் என்றால் 25 லிட்டருக்குள். சமையல் எண்ணெய்க் கேன் அந்தப் பட்டியலில் இல்லை. கரையில் பார்க்கும் பத்துக் கேனில் எத்தனை உலோகம் என்று எண்ணிப் பார்த்தால் சட்டத்துக்கும் கடற்கரைக்கும் இடையே உள்ள தூரம் தெரியும். உலோகக் கேன் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்ற புகார் நியாயமானதுதான். அதற்காக, மூடி பாதி தேய்ந்த, பெட்ரோலில் உப்பிப்போன மெல்லிய பிளாஸ்டிக் கேன் சரியாகிவிடாது.

ஊற்றாமல் மாற்றுவது

என் கருத்து இதுதான்: தனி டேங்க் உள்ள எஞ்சினுக்குக் கடலில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. அதே வகை இணைப்பு உள்ள இரண்டாவது டேங்க் ஒன்றைக் கரையில் நிரப்பி, ஆயில் கலந்து, மூடி எடுத்துப் போக வேண்டும். முதல் டேங்க் தீர்ந்தால் குழாயைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுவது பத்து வினாடி வேலை. மூடி திறப்பதில்லை, புனல் இல்லை, சிந்துவதில்லை. இந்த விபத்தில் ஆறு காரணம் சொன்னால் நான்கை இந்த ஒரு மாற்றம் அடித்துவிடும்.

டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் கலப்பதும் கரை வேலைதான். 50க்கு 1 என்ற கலவைக்கு லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டருக்கு 200 மில்லி. எஞ்சினோடு வந்த புத்தகம் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. ஆடும் படகில் இதை அளப்பவர் பாதியைக் கடலுக்குக் கொடுப்பார்.

இரண்டாவது டேங்க் இல்லை, ஊற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வரும். அப்போது அணியத்தில் நங்கூரம், எஞ்சின் நிறுத்தம், பீடியும் அடுப்பும் படகில் எங்குமே அணைந்திருக்க வேண்டும், ‘தள்ளி’ என்ற கணக்கு கிடையாது. எஞ்சின் ஆறுவதற்குக் கொஞ்சம் விட வேண்டும். டேங்க்கை ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் தட்டையாக வைக்க வேண்டும். கேனைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவதை விடக் குழாயால் இறக்குவது நல்லது. முனையில் பித்தளை வால்வும் உருண்டையும் உள்ள குழாய்கள் கிடைக்கின்றன. அந்த முனையைக் கேனுக்குள் விட்டு நாலு முறை மேலும் கீழும் குலுக்கினால் பெட்ரோல் தானாகவே ஏறி இறங்கத் தொடங்கும். வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை இந்தக் கரையில் எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் அது தீக்காயத்துக்குக் குறையாத கேடு. அப்படி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. வாந்தியோடு இன்னொரு முறை நுரையீரலுக்குப் போகும். மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

டேங்க்கை விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், வெயிலில் பெட்ரோல் விரியும். சிந்தியதைத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

ஊற்றி முடித்த பிறகு காத்திருப்பதுதான் பலரும் விடுகிற பாகம். தீ பெரும்பாலும் ஊற்றும்போது பற்றுகிறது என்று நினைக்கிறோம். எஞ்சினைக் கிளப்பக் கயிற்றை இழுக்கும்போதும் பற்றலாம். பிளக் தொப்பி விரிசல் விட்டிருந்தால், மின்வயர் உரிந்திருந்தால், அங்கிருந்து பொறி வெளியே தாவும். எஞ்சினுக்கு மேலேயே சிறிய டேங்க் உள்ள இரண்டு மூன்று குதிரைத்திறன் எஞ்சின்களில் இது இன்னும் கிட்டத்துச் சிக்கல். சிந்தும் பெட்ரோல் நேராக உறைக்குள் வழிந்து அங்கேயே ஆவியாகிறது. அதனால் உறையைக் கழற்றித் திறந்து வைத்து, வாடை முழுவதும் போன பிறகே கயிற்றைத் தொட வேண்டும். அந்த வகை எஞ்சினுக்கு டேங்க் மாற்றும் வசதியும் இல்லை என்பதால், காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தப் படகில் பிளக் தொப்பியையும் வயரையும் பார்த்தேன். நன்றாகவே இருந்தன.

மொபைல் போன் பற்றியும் கேட்டார்கள். போனால் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் என்ற அச்சம் பரவியிருக்கிற அளவுக்கு, அப்படி நடந்ததற்கான உறுதியான சான்று இல்லை. ஊற்றும்போது போனைப் பையில் வைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் போனை அணைத்துவிட்டுப் பீடியைப் பற்ற வைக்கிற ஊரில் அதைப் பற்றி நீளமாகப் பேசுவதில் அர்த்தமில்லை.

தீ பிடித்த பின்பு

இருவரும் செய்தவற்றில் சில சரி, ஒன்று தவறு. எரியும் பெட்ரோலில் தண்ணீரை வீசியதுதான் தவறு. பெட்ரோல் தண்ணீரை விட லேசு. தண்ணீர் தீயைச் சுமந்துகொண்டு போகும். ஈரச் சாக்கால் மூடி அழுத்தியது மிகச் சரி. நண்டுக்காக நனைத்து வைத்த சாக்கு அங்கே இருந்தது நல்ல நேரம். கேனைக் கடலில் வீசியது பற்றி எனக்கு இரண்டு மனம். காற்று வரும் பக்கம், அதாவது பின்பலகைப் பக்கம் வீசினார். படகு காற்றோடு போக, கேன் பின்தங்கியது. மறுபக்கம் வீசியிருந்தால், கசிந்து எரியும் பெட்ரோலின் மேலேயே படகு போய் ஏறியிருக்கும். அந்த நொடியில் அவர் திசை பார்த்து வீசவில்லை, கிட்டப் பார்த்து வீசினார்.

ஒரு சிறிய உலர் தூள் தீயணைப்பான் இருந்திருந்தால் வேலை சில வினாடிகளில் முடிந்திருக்கும். அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டி வைப்பவர்கள் உண்டு. தீப்பிடிக்கிற இடத்திலேயே இருந்தால் எப்படி எடுப்பது? படகின் நடுவில் இருக்கட்டும்.

காயத்துக்கு, குடிநீர்க் கேனில் இருந்ததை மாமாவின் காலிலும் கையிலும் மெல்ல ஊற்றிக்கொண்டே வந்தார்கள். நல்ல வேலை. தீக்காயத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைப்பதுதான் முதல் உதவி. கரைக்கு வந்ததும் பற்பசை பூசச் சொன்னவர்கள் இருந்தார்கள், மை தடவச் சொன்னவரும் இருந்தார். பெட்ரோலில் நனைந்த கைலியைத் தண்ணீர் ஊற்றும் முன்பே கழற்றியிருக்க வேண்டும், அதுதான் தாமதமாயிற்று.

உதவிக்கு யாரையும் அழைக்கவில்லை. பக்கத்துப் படகு வராமல் போயிருந்தால் அழைக்க வேண்டியிருந்திருக்கும். கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டு எண்ணும் இருவரின் போனிலும் இல்லை. இப்போது படகின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு

நங்கூரம் இப்போது அணியத்தில், வலைக்கு மேலே, கயிறு சுற்றித் தயாராகக் கிடக்கிறது. காற்றுத் திருகின் மேல் மருமகன் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார். மாமா பீடியை விடவில்லை. கரையில் குடிப்பதாகச் சொல்கிறார்.

இரண்டாவது டேங்க்தான் இழுபறியானது. விலையைக் கேட்டதும் மாமா பின்வாங்கினார். உருகிப்போன வலையின் விலையை மருமகன் நினைவூட்டிய பிறகும் அவர் இறங்கி வரவில்லை. கடைசியில், கயிறு கட்டி இழுத்து வந்த அந்தப் பக்கத்துப் படகுக்காரரோடு சேர்ந்து ஒரு டேங்க்கைப் பொதுவில் வாங்கிக்கொள்வது, தூரம் போகிறவர் அன்றைக்கு எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். இரண்டு எஞ்சினும் வேறு வேறு கம்பெனி. இணைப்பு வாய் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. அதனால் டேங்க்கோடு இரண்டு வகை வாய் உள்ள இரண்டு குழாய்களும் வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் குழாய்க் காசில் பாதியை யார் கொடுப்பது என்ற பேச்சு, நான் போனபோது இன்னும் முடியவில்லை.